யாரிடமும் சொல்ல வேண்டாம்

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று விதமான கவலை. மாமனாருக்கு நேரமாகிவிடுமோ என்ற கவலை. ஹவுராவில் ரயில்வே ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை என்று, யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். பதினோரு மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற ஆள். என் கணவருக்கு உடம்பைப் பற்றிக் கவலை. யாராவது இரண்டு தடவை தும்மினால் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு வந்துவிடுவார். எனக்கு இந்த இரண்டும் கிடையாது. ரயில் போனால் அடுத்த ரயில், ஜுரம் வந்தால் ஒரு மாத்திரை. அதனால் நான் கவலையே படாதவள் என்று இவர்கள் இருவரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

ஆனால் எனக்கும் ஒரு கவலை உண்டு. அது வெளியே தெரியாத ஜாதி. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அது. திருச்சியில் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலேயே எனக்கு அது வந்துவிட்டது. மதியம் டிபன் டப்பாவின் மூடியைப் பாதி திறந்து, அதன் மறைவில் சாப்பிடுவேன். உள்ளே பழைய சாதம் என்று தெரிந்துவிடக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்தவள் டப்பாவிலும் பழைய சாதம்தான். அவள் மூடியைத் தரையில் வைத்துவிட்டு ஜாம் ஜாமென்று சாப்பிடுவாள். ஒரே சாதம், ஒரே ஊர். அவளுக்கு வராத கவலை எனக்கு ஏன் வந்தது என்று இந்த வயதில் நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். மூக்கும் முழியும் மாதிரி அதுவும் பிறக்கும்போதே கூட வருகிறது போலிருக்கிறது. எதைப் பற்றிக் கவலைப்படுவது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நான் செய்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கல்யாணமாகி கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. பாலிகஞ்சில் மூன்றாவது மாடியில் எங்கள் ஃபிளாட். மாமனாரின் அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். என் கணவர் படித்ததெல்லாம் இங்கேதான். வங்காளியை வங்காளி மாதிரியே பேசுவார், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். வீட்டில் தமிழ் சரளமாகப் படிப்பவர்கள் மாமனாரும் நானும்தான். தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா என்றால் நிகழ்ச்சி நிரலைப் பலகையில் எழுதுவது என் பொறுப்பு. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

மாமனாருக்கு மறதி வந்தது எண்பத்தி இரண்டாவது வயதில். ஒரு நாள் பால் பூத்திலிருந்து திரும்பியவர் இரண்டாவது மாடிக்காரர் வீட்டு மணியை அடித்து, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, "காபி ஆச்சா?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்து, மேலே கொண்டுவந்து விட்டார்கள். நானும் சிரித்தேன். "புதுக் கண்ணாடி, இன்னும் பழகலை" என்றேன். எவ்வளவு சீக்கிரம் அந்தப் பொய் என் வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அலிப்பூர் பக்கம் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ஸ்கேன் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, இது மெதுவாக அதிகமாகும், தனியாக வெளியே விடாதீர்கள், சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள், அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள் என்றார். கடைசியில் சொன்னதை இரண்டு தடவை சொன்னார். "தெருவுக்கே தெரிந்திருப்பதுதான் இவருக்குப் பாதுகாப்பு" என்றார். என் கணவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன், யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று.

ஏன் என்று கேட்டால், உருப்படியான ஒரு காரணம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தது, சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம், அதனால் மறைத்தேன் என்று சொல்லலாம். அப்படி எதுவும் இல்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை, அவனும் வேலை கிடைத்து, கல்யாணமாகி, வேறு ஊரில் இருக்கிறான். உடம்பில் வேறு எந்த வியாதி வந்தாலும் சொல்லியிருப்பேன். மறதி என்று சொன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து "ஐயோ பாவம்" என்பார்கள். அந்தச் சாய்ந்த தலைகளை என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

அதனால் அவருக்குக் காது மந்தம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் காது மேல் பழியைப் போட்டுவிடலாம். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் அம்மாளை நான் பௌதி என்று கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். தங்கமான மனுஷி. நான் சொன்னதை நம்பி, மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் காதருகில் வந்து, "ஜேட்டு! எப்படி இருக்கீங்க!" என்று வங்காளியில் கத்துவாள். பெரியப்பா முறை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். பாம்புக் காது அவருக்கு. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுப் போய் என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். சங்கத்துக்கு அழைத்துப் போவதையும் நிறுத்திவிட்டேன். ஒரு காலத்தில் அங்கே செயலாளராக இருந்து, பந்தி சரியாகப் பன்னிரண்டரைக்கு உட்கார வேண்டும் என்று ஆட்டி வைத்த மனுஷர் அவர்.

சட்டைப் பையில் எழுதி வைப்பது மட்டும் பாக்கி இருந்தது. அதிலும் எனக்கு ஒரு சிக்கல். சட்டைகள் இஸ்திரிக்குப் போகின்றன. வேலைக்கு வரும் மாஷி துவைக்கப் போடும்போது பையைத் துழாவுவாள். இங்கிலீஷிலோ வங்காளியிலோ எழுதினால், சாயங்காலத்துக்குள் பில்டிங் முழுக்கத் தெரிந்துவிடும். அப்போதுதான் எனக்கு அந்த மகா புத்திசாலித்தனமான யோசனை வந்தது. தமிழில் எழுதிவிட்டால்? அவர் படிப்பார், வேறு யாராலும் படிக்க முடியாது. நம்பரும் வேண்டாம், நம்பரைப் பார்த்தால் எதற்கென்று கேட்பார்கள். அவர் பையில்தான் போன் இருக்கிறதே. ஒன்றை அழுத்திப் பிடித்தால் எனக்கு வருகிற மாதிரி செய்து வைத்தேன். பிறகு என் அச்சுக் கையெழுத்தில் எழுதினேன்:

"அப்பா, வழி மறந்துபோனால் பயப்பட வேண்டாம். அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். போனில் ஒன்றாம் நம்பரை அழுத்தினால் நான் வந்துவிடுவேன்."

மூன்று சட்டைக்கு மூன்று சீட்டு. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைக்குள் ஊக்கு குத்தி வைத்தேன். மாமனார் ஒன்றை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவு அடக்கமாக அவர் என்னிடம் எதற்கும் சரி சொன்னதில்லை. என் கணவர் எழுத்துக்கூட்டி முதல் வரியைத் தாண்டுவதற்குள் பொறுமை இழந்துவிட்டார்.

"இதை ரோட்டுல யார் படிப்பா?"

"அப்பா படிப்பார். வேற யார் படிக்கணும்?"

அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னோடு வாதாடினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று அவருக்குக் கவலை.

ஆவணியில் மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு நாள் அது. கணவர் ஆபீஸ் போயாகிவிட்டது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வாசற்கதவு திறந்து கிடக்கிறது. மாமனாரின் ஷூ இல்லை, குடை இல்லை, பீரோ மேல் தூசி படிந்து கிடந்த பழைய ஆபீஸ் பையும் இல்லை. போன் மட்டும் இருந்தது. காலையில் நான்தான் அதைச் சார்ஜில் போட்டிருந்தேன்.

கீழே ஓடினேன். கேட்டில் இருந்த தர்வான், "தாத்தா ஒன்பதரைக்கே கிளம்பிட்டாரே. எங்கேன்னு கேட்டேன், ஆபீஸுக்குன்னார்" என்று சிரித்தார். "நானும் சல்யூட் அடிச்சு அனுப்பிவெச்சேன்." அவருக்கு அது வேடிக்கை. வேறு என்னவாக இருக்க முடியும்? நான்தான் அவரிடம் எதுவும் சொன்னதில்லையே.

பால் பூத், பார்க், பாலிகஞ்ச் ஸ்டேஷன் பிளாட்பாரம் என்று ஒவ்வொரு இடமாக ஓடினேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கண்ணால் மட்டும் தேடினேன். நின்று கேட்டால், ஏன் தேடுகிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே. திரும்பி வரும்போது படியில் பௌதி காய்கறிப் பையோடு எதிரே வந்தாள். என் நனைந்த புடவையைப் பார்த்து, "என்ன ஆச்சு? ஜேட்டு எங்கே?" என்று கேட்டாள். "இவரோட பாங்குக்குப் போயிருக்கார்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் என்னோடு சுமந்துகொண்டிருக்கிறேன். பௌதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெருவின் கிளப்பில் சொல்லியிருப்பாள். பூஜைப் பந்தல் போடுகிற அந்தப் பையன்கள் பத்து நிமிஷத்தில் பத்து பைக்கில் கிளம்பியிருப்பார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தே சொன்னேன். எண்பத்தி இரண்டு வயசுக் கிழவர் மழையில் எங்கேயோ நிற்கிறார், நான் படியில் நின்றுகொண்டு முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கணவருக்கே பதினோரு மணிக்குத்தான் போன் செய்தேன். அவர் வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க வியர்வை. போலீஸில் சொல்லலாம், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோவோடு போடலாம் என்றார்.

"இன்னும் அரை மணி பொறுங்கோ. அவரே வந்துடுவார்" என்றேன்.

"வரலைன்னா?"

"குழுவுல போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு தடவையும் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை அதில். பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

அவர் இரண்டு படி இறங்கியிருப்பார், என் போன் சத்தம் போட்டது. சங்கத்தின் குழு. ஒரு போட்டோ. யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் என் சீட்டு.

கூடவே ஒரு செய்தி: ஹவுரா படகுத் துறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன் என்கிறார், பையில் இந்தச் சீட்டு இருந்தது, இது தமிழா, யாராவது படித்துச் சொல்லுங்கள். ஒரு காலேஜ் பெண் எடுத்த படம் அது. அவளோடு படிக்கிற தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தன் அம்மாவுக்கு அனுப்ப, அந்த அம்மா அப்படியே குழுவில் போட்டிருக்கிறாள். வேறு யாரும் படிக்கக்கூடாது என்று நான் தமிழில் எழுதினேன். கல்கத்தாவில் தமிழ் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் இப்போது அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கிடைத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்புதான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பதுதான் முதலில் வந்தது. நானே இதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, ஆனால் மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் எதுவும் போடாமல், ஒரு டாக்சி பிடித்துப் போய் சத்தமில்லாமல் அழைத்து வந்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் போட்டோவுக்குக் கீழே பதில்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. "யாரிடமும் சொல்ல வேண்டாமா? இது என்ன கூத்து?" என்று ஒருத்தர். "பாவம், யார் வீட்டுப் பெரியவரோ" என்று ஒருத்தர். அப்புறம் ஒரு மாமி: "இது நம்ம பொங்கல் போர்டு கையெழுத்து மாதிரின்னா இருக்கு?"

படியில் இறங்கிக்கொண்டிருந்தவரை, "ஏன்னா!" என்று கத்திக் கூப்பிட்டேன். எதிர் கதவு திறந்து பௌதி எட்டிப் பார்த்தாள்.

டாக்சி பிடித்துக் கிளம்பினோம். ஹவுரா பாலத்தில் டிராஃபிக். அந்தக் காலத்தில் மாமனார் பஸ்ஸில் பாபு காட் வரைக்கும் போய், அங்கிருந்து படகேறித்தான் ஆபீஸ் போவார். அந்த வழியை மட்டும் மறக்காமல் போயிருக்கிறார். அக்கரை சேர்ந்ததும் ஆபீஸ் எந்தப் பக்கம் என்பது மறந்துவிட்டது.

டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே குடை, மடியில் ஆபீஸ் பை. யாரோ மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். டிக்கெட்காரர் எங்களைப் பார்த்ததும் வங்காளியில் பொரிந்து தள்ளினார். "ரெண்டு மணி நேரமா கேக்கறோம். பேர் கேட்டா சிரிக்கிறார். வீடு எங்கேன்னா சிரிக்கிறார். வங்காளி நல்லாவே பேசறார், மழையைப் பத்திப் பேசறார், படகு லேட்டுன்னு எங்களையே திட்டறார். தன்னைப் பத்திக் கேட்டா மட்டும் 'பாரோன் ஆச்சே'ங்கறார். சொல்லக்கூடாதுன்னு தடையாம். யார் தடை போட்டதுன்னு கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டறார். அப்புறம்தான் இந்தப் பொண்ணு எடுத்துப் பாத்துது."

அந்தக் காலேஜ் பெண் கிளாஸுக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சீட்டை என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"வீட்டு விலாசம்" என்றேன்.

"ஓ" என்றாள். தரையைப் பார்த்தாள். அவளுடைய சிநேகிதியின் அம்மா அதற்குள் அர்த்தத்தை எழுதி அனுப்பியிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

மாமனார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பரீட்சையில் எல்லாவற்றுக்கும் விடை எழுதிவிட்டு வந்த குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைம்மா. எல்லாரும் கேட்டா. என் பேர் எனக்கு ஞாபகம் இருந்தது. நம்ம வீட்டுத் தெரு பேர்கூட ஞாபகம் இருந்தது. சொல்லலை. நீ சொல்ல வேண்டாம்னு எழுதியிருந்தியே."

என் கணவர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை. அழுதால் நல்லவளாகிவிடலாம், அதுவும் வரவில்லை. தெருவின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு ரிக்‌ஷாக்காரரிடம், ஒரு போலீஸ்காரரிடம், யாரிடமாவது வாயைத் திறந்திருந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்திருப்பார். அவருடைய மறதி அவரை அந்த பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. நான் உட்கார வைத்தேன்.

நான் பயந்த நாலு பேரும் அன்று சாயங்காலம் வந்தார்கள். பௌதி ஒரு டப்பா சந்தேஷ் இனிப்போடு வந்து, தன் அம்மாவுக்கும் ஆறு வருஷம் இப்படித்தான் இருந்தது என்றாள். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக்கூடாதா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பாங்குக்குப் போயிருக்கிறார் என்று சொன்னதைப் பற்றியும் கேட்கவில்லை. புதுச் சீட்டில் வங்காளி வரிகளை அவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். இங்கிலீஷில் என் கணவர் எழுதினார். சங்கத்து மாமி போன் பண்ணி, பெரியவரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வா, பழைய ஆட்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றாள். யாரும் தலையைச் சாய்த்தார்களா என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஒன்றிரண்டு பேர் சாய்த்தார்கள். அதனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமனாருக்கு இப்போது பிள்ளையின் பெயர் சில நாள் ஞாபகம் இருக்கிறது, சில நாள் இல்லை. ஹவுரா போனது சுத்தமாக மறந்துவிட்டது. நேரமாகிவிடுமே என்ற கவலைகூடப் போய்விட்டது. அதுதான் கடைசி வரைக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தோம். தர்வானுக்குத் தெரியும், பால் பூத்காரருக்குத் தெரியும், தெரு முழுக்கத் தெரியும். தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று, இப்போதெல்லாம் கத்தாமல், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார். நான் ஒவ்வொரு தடவையும், "சொல்லுங்கோப்பா, சொல்லலாம்" என்கிறேன். அப்படியும் அவர் சொல்வதில்லை.